எட்டு

கிளைப்பெடாவின் ஞாயிற்றுச் சந்தையில்
பன்னிரண்டு யூரோவுக்கு வாங்கினேன்.
கோட்டுப் பைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி.
பொத்தானை அழுத்தினால் கதவு முன்னே சாய்ந்து
துருத்தி மூக்கை நீட்டும்.
மடிப்பொன்றில் ஊசித்துளை இருந்தது,
மகளின் கறுப்பு நகச்சாயத்தால் அடைத்தேன்.
விற்றவன் வேறு குறை எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

படகுத்துறையில் பதினொரு வருடமாக
வைதோதாஸ் கயிறு கட்டுகிறான்,
நான் சீட்டுக் கிழிக்கிறேன்.
"காற்று" என்பான்.
"ஆமாம், காற்று" என்பேன்.
காற்றில்லாத நாட்களில் அதுவும் இல்லை.
அந்த வியாழன்தான் கூடுதலாக ஒரு வாக்கியம் சொன்னேன்:
"சனிக்கிழமை பனிமேல் படம் எடுக்க வரலாம் என்றிருக்கிறேன்."

காயல் கரையிலிருந்து கரைவரை உறைந்து கிடந்தது.
ஆட்கள் அங்கங்கே, சிந்திய மிளகுபோல்.
அவன் தன் துளையருகே குந்தியிருந்தான்.
பலகையின் ஒரு முனை பனிக்கு அடியில்;
மறுமுனையில் இரண்டு குச்சிகளால் தட்டிக்கொண்டிருந்தான்.
சத்தம் கேட்டு மீன் வருமாம்.
வந்தது, விரல் நீள ஸ்டிந்தா.
பனியில் போட்டதும் துள்ளியது,
நறுக்கிய வெள்ளரிக்காயாய் மணத்தது.

"எடுக்கட்டுமா?"
தொப்பியைக் கழற்றினான்.
"போட்டுக்கொள், குளிரும்."
போட்டுக்கொண்டான்.

முதல் இரண்டும் வீண்.
குளிரில் எண்ணெய் இறுகி
ஷட்டர் கண் சிமிட்டாமல் கொட்டாவி விட்டது.
கேமராவைக் கோட்டுக்குள் நெஞ்சோடு பொத்தி
பத்து நிமிடம் நின்றேன்.
அவன் தட்டுவதை நிறுத்தவில்லை.

இந்தப் பெட்டிக்குத் தானாகத் தூரம் தெரியாது.
நாம்தான் சொல்ல வேண்டும்.
லென்ஸைச் சுற்றி எண்கள்:
நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பன்னிரண்டு.
எதன் எண்கள் என்று எழுதியிருக்கவில்லை.
அவனிடமிருந்து பின்னோக்கி நடந்தேன்,
வழியில் கிடந்த எதையோ சுற்றிக்கொண்டு,
எட்டுப் பெரிய எட்டு.
வளையத்தை எட்டில் நிறுத்தினேன்.

முதுகின் சிவப்புச் சன்னலில்
மூன்று வந்தது, நான்கு வந்தது.
ஐந்தைச் சுழற்ற மறந்து
அவன்மேல் அவனையே எடுத்தேன்.
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது,
லென்ஸின் துளையை முழுக்கத் திறந்துவிட்டேன்.
எட்டோடு சுருள் முடிந்தது.
"நன்றி" என்றேன்.
அவன் இரண்டு கை நிறைய மீன் கொடுத்தான்.

குளியலறையில் கழுவி
மகளின் காலுறைகளுக்கு நடுவே தொங்கவிட்டேன்.
மிச்சமிருந்த எதிலும் வைதோதாஸ் இல்லை.
அதாவது இருந்தான்,
வெந்நீரில் போட்ட உப்புபோல்.
தொப்பி ஒரு கறை, முகம் இன்னொன்று.

தெளிவாக இருந்தது இதுதான்:
எனக்கும் அவனுக்கும் நடுவே, என் பக்கமாக,
புதிதாகத் துளைத்த இரண்டாவது துளை.
விளிம்பில் இன்னும் உடையாத பனித்தூள்.
ஒரு மடக்கு முக்காலி.
அதன்மேல் நான்காக மடித்த கம்பளி,
கம்பளியின் தையல்கூட எண்ணலாம்.
குறுக்காக வைத்த இரண்டு குச்சிகள்,
யாரும் தொடாதவை.

பழுது பார்க்கும் கெஸ்துதிஸ்தான் சொன்னார்:
"அமெரிக்காவில் விற்கச் செய்தது இது.
மீட்டர் இல்லை அம்மா, அடி."
எட்டடி.
கை நீட்டினால் எட்டாது, 
நான்கு எட்டு வைத்திருந்தால் போதும்.

மார்ச்சில் பனி உடைந்தது.
துறையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன்:
"அந்த இரண்டாவது துளை?"
"ஒன்றில் வராவிட்டால் இன்னொன்றில் வரும்."
"மீனுக்குக் கம்பளி எதற்கு?"

நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்தான்.
"காற்று" என்றான்.
கம்பத்துக் கொடி துணியாய்த் தொங்கியது.
"ஆமாம்" என்றேன், "பலமான காற்று."